கேம்பரின் தோலை உரித்து மறுபடி பூசிய கதை: எப்பாக்ஸியும் வார்னிஷும்

மூன்று வருடங்களுக்கு முன் நானே கட்டிய மர கேம்பர் டிரெய்லர் இது, காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளே படுத்துத் தூங்குகிற சின்ன வண்டி. 5 அடி அகலம், 8 அடி நீளம், பின்பக்கம் வளைந்து இறங்கும் கண்ணீர்த்துளி வடிவம். பக்கச் சுவர்கள் 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட், கூரைக்கு 3 மில்லிமீட்டர் பலகையை இரண்டு அடுக்காக வளைத்து ஒட்டியிருந்தேன். மரத்தின் ரேகை வெளியே தெரிய வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே ஆசை, அதனால் பெயின்ட் பக்கம் போகவே இல்லை. அப்போது செய்தது இவ்வளவுதான்: ரோலரில் இரண்டு கோட் எப்பாக்ஸி (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பூச்சு), அதன் மேல் வீட்டுக்குள் மேஜை நாற்காலிக்கு அடிக்கிற வார்னிஷ் மூன்று கோட். முடித்த அன்று கண்ணாடி மாதிரி மின்னியது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நம்பினேன்.

இரண்டாவது கோடை முடிந்தபோது, மத்தியான வெயில் விழும் பக்கத்தில் வார்னிஷ் செதில் செதிலாகப் பெயர ஆரம்பித்தது. பெயர்ந்த இடத்தில் அடியிலிருந்த எப்பாக்ஸி மஞ்சளாகி, விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டியது. உற்றுப் பார்த்தால் ரேகையோடு ஓடும் மயிரிழை விரிசல்கள். எல்லாவற்றையும்விட வயிற்றைக் கலக்கியது பின்கதவுக் கீலின் கீழே இருந்த ஒரு ஸ்க்ரூ. அதைச் சுற்றி ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். ஸ்க்ரூவைக் கழற்றினேன், துளைக்குள் மரம் ஈரமாக இருந்தது. மழை நின்று நாலு நாள் ஆகியிருந்தது.

அதன் பிறகு உட்கார்ந்து நிதானமாக யோசித்ததில் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி வேலை எல்லாம் இதைச் சுற்றித்தான். எப்பாக்ஸி தண்ணீரைத் தடுக்கும், வெயிலைத் தாங்காது. வார்னிஷ் வெயிலைத் தாங்கும், தண்ணீரை எப்பாக்ஸி அளவுக்குத் தடுக்காது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் எப்பாக்ஸியின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது, அதுதான் அந்த மஞ்சளும் வெள்ளைப் பொடியும். அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் கலந்த, வெளிப்புறத்துக்கான வார்னிஷ் மேலே போதிய கனத்துக்கு இருந்தால்தான் அடியில் இருப்பது பிழைக்கும். நான் அடித்த உள்வீட்டு வார்னிஷில் அந்தக் காப்பு இல்லை, கனமும் இல்லை. வெயில் நேராக எப்பாக்ஸிக்குப் போய்விட்டது, எப்பாக்ஸியின் பிடி போனதும் வார்னிஷும் கூடவே பெயர்ந்தது.

சரி, முழுவதையும் உரித்துவிட்டு மறுபடி செய்வது என்று முடிவு செய்தேன். வார இறுதிகளில் மட்டும் செய்து பல வாரம் ஆனது.

முதலில் கழற்றும் வேலை. கதவு, ஜன்னல், கீல், விளக்கு, கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தின் மூடி, அலுமினிய விளிம்புப் பட்டை, ஒன்று விடாமல் எல்லாம் வெளியே வந்தது. ஜன்னலைக் கழற்றாமல் சுற்றி டேப் ஒட்டி பூசிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் தண்ணீர் நுழைகிற இடம் எதுவோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் பூசியதாகிவிடும்.

உரிப்பதற்குச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன், கூர்மையான சுரண்டி. நன்றாக இறுகிய எப்பாக்ஸிகூட 60 டிகிரியைத் தாண்டினால் இளகி ரப்பர் மாதிரி ஆகிவிடும், அப்போது சுரண்டியை நுழைத்தால் பட்டை பட்டையாக வரும். ஒரே இடத்தில் ஹீட் கன்னைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, மரம் கருகும், பிளைவுட் அடுக்குகளை ஒட்டிய பசையும் விட்டுவிடும். மீதியை 80 எண் உப்புத்தாள் போட்ட சுழல் தேய்ப்பானில் தேய்த்தேன். இங்கே ஒரு பயம் எப்போதும் கூடவே இருக்கும்: பிளைவுட்டின் மேல் அடுக்கு மிக மெல்லியது, இரண்டு நொடி கூடுதலாக அழுத்தினால் அடுத்த அடுக்கின் குறுக்கு ரேகை பழுப்பாக எட்டிப் பார்க்கும், அதற்கப்புறம் மறைக்க வழியே இல்லை. பென்சிலால் பலகை முழுவதும் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் மறையும் வரை மட்டும் தேய்த்து உடனே நகர்ந்துவிடுவது எனக்கு உதவியது.

கறுப்பு வளையத்துக்கு ஆக்ஸாலிக் அமிலம். வெந்நீரில் கரைத்து, பிரஷால் தடவி, காயவிட்டு, மறுபடி தடவினேன். இரும்பும் ஈரமும் சேர்ந்து உண்டாக்கிய கறையை அது எடுத்துவிடும். என் பலகையில் முக்கால்வாசி போனது, மிச்சம் ஒரு நிழல் மாதிரி நிற்கிறது, அது இருக்கட்டும் என்று விட்டேன். இது விஷம், கையுறை கட்டாயம் வேண்டும். அப்புறம் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும், கழுவாமல் காய்ந்த படிகத்தை உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் எரியும்.

பிறகு இரண்டு வாரம் எதுவும் செய்யவில்லை. நிழலில், காற்று படுகிற மாதிரி நிறுத்திவைத்து மரத்தைக் காயவிட்டேன். ஈரமானியில் கீல் பக்கம் ஆரம்பத்தில் 22 சதவீதம் காட்டியது, 12-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் எப்பாக்ஸி டப்பாவைத் திறந்தேன். ஈர மரத்தின் மேல் எப்பாக்ஸி பூசினால் அந்த ஈரத்தை நாமே உள்ளே வைத்து மூடுகிற மாதிரி.

இனி எப்பாக்ஸி.

சுவருக்குப் போகும் முன் விளிம்புகளும் துளைகளும். பிளைவுட்டின் தட்டையான முகம் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், ஆனால் வெட்டுவிளிம்பில் ஒன்றுவிட்ட ஒரு அடுக்கின் நார் வாய் திறந்து நிற்கிறது, அது உறிஞ்சுகுழல்களை அடுக்கிவைத்த மாதிரி. அங்கே ஒரு கோட் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் வறண்டு மங்கலாகியிருக்கும். மறுபடி அடிக்க வேண்டும், மறுபடியும். என் டிரெய்லரின் அடிவிளிம்பு, சக்கரம் தெறிக்கும் தண்ணீர் நேராகப் படுகிற இடம், நான்கு முறை குடித்த பிறகுதான் ஈரப் பளபளப்போடு நின்றது. முதல் தடவை கட்டியபோது அந்த விளிம்புக்கு ஒரே ஒரு கோட்தான் அடித்திருந்தேன்.

துளைகளுக்கு, படகு கட்டுகிறவர்கள் செய்யும் வழி. ஸ்க்ரூவின் தடிமனைப் போல் இரண்டு மடங்கு அகலத்துக்குத் துளையிட்டு, உள்சுவரில் வெறும் எப்பாக்ஸியைத் தடவி நனைத்து, அப்புறம் சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் அடைத்துவிட வேண்டும். குச்சியில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாத பதம். இறுகியதும் அதன் நடுவில் ஸ்க்ரூவுக்கான சின்னத் துளை. இப்போது ஸ்க்ரூ பிடித்திருப்பது எப்பாக்ஸிக் குழாயை, மரத்தை அது தொடவே இல்லை. மேலே இடுக்கை அடைக்கும் சீலன்ட் என்றைக்காவது விட்டுப்போய் தண்ணீர் இறங்கினாலும் அந்தக் குழாயோடு நின்றுவிடும். மொத்தம் 64 துளை. ஒரு முழுச் சனிக்கிழமை போனது, ஆனால் இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த நாள் அதுதான்.

கலக்கும் விஷயத்தில் பட்டு அறிந்ததைச் சொல்ல வேண்டும். ரெசினும் ஹார்டனரும் சேர்வது ஒரு வேதிவினை, ரெசினின் இத்தனை பங்குக்கு ஹார்டனரின் இத்தனை பங்கு என்று கணக்கு இருக்கிறது. பெயின்டில் தின்னர் ஊற்றுவது போல் கண்ணளவில் ஊற்றக் கூடாது, சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டவும் கூடாது. கூட்டினால் மிச்சம் இருக்கும் ஹார்டனருக்கு ஜோடி கிடைக்காமல் அது அப்படியே உள்ளே தங்கி, பூச்சை மென்மையாக்கிவிடும். முதல் தடவை கட்டியபோது டப்பாவில் பொருத்தும் பம்பைத்தான் நம்பினேன், ஒரு அழுத்தலில் பம்பில் காற்று ஏறியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கூரையில் ஒரு சாண் அகலத்துக்கு மூன்று நாள் கழித்தும் பிசுபிசுப்பு. அதற்கு வைத்தியம் கிடையாது, மேலே இன்னொரு கோட் அடித்து மூடினாலும் அடியில் அது அப்படியேதான் இருக்கும். சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இந்த முறை மின்தராசுதான். கவனிக்க வேண்டியது, கன அளவுக்கு ஒரு விகிதம், எடைக்கு வேறு விகிதம். இரண்டின் அடர்த்தியும் ஒன்றல்ல, டப்பாவில் 2-க்கு 1 என்று கன அளவில் போட்டிருந்தால் அதையே தராசில் வைத்தால் தப்பாகிவிடும். எடை விகிதத்தைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு நிமிடம் முழுதாகக் கலக்க வேண்டும், கப்பின் ஓரத்தையும் அடிமூலையையும் குச்சியால் வழித்து வழித்து. பிறகு வேறு ஒரு கப்புக்கு மாற்றி இன்னும் அரை நிமிடம், ஏனென்றால் முதல் கப்பின் ஓரத்தில் ஒட்டியிருப்பது சரியாகக் கலந்திருக்காது. கலந்ததைக் கப்பிலேயே வைத்திருக்கவும் கூடாது. வினை நடக்கும்போது வெப்பம் வெளிவருகிறது, கப்பில் குவிந்து கிடந்தால் அந்த வெப்பம் போக வழியில்லாமல் வினை இன்னும் வேகமாகி, இன்னும் சூடாகி, கடைசியில் புகையே வரும். முதல் நாள் 400 கிராம் கலந்துவிட்டு, தரையில் சொட்டியதைத் துடைத்துவிட்டு வருகிறேன், கையில் எடுத்த கப் தேநீர்க் குவளை போலச் சுட்டது, இரண்டு நிமிடத்தில் குச்சியோடு கல்லாகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு தடவைக்கு 200 கிராம்தான், அதையும் கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுவேன். அதே கலவை தட்டில் இரண்டு மடங்கு நேரம் நிற்கிறது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும், ஆகவே வெயில் காலத்தில் மெதுவாக இறுகும் ஹார்டனரை வாங்குவது நல்லது.

முதல் கோட்டை எந்த நேரத்தில் அடிப்பது என்பதும் முக்கியம். கதவு ஒன்றைச் சோதனையாகக் காலை ஒன்பது மணிக்குப் பூசினேன். பூசும்போது அழகாக இருந்தது. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சின் வழியாகச் சின்னச் சின்னக் கொப்புளமாக மேலே வந்தது, பதினொரு மணிக்குக் கதவு முழுவதும் ஊசி குத்திய மாதிரி துளைகள். சுவர்களை மாலை நான்கு மணிக்கு மேல் பூசினேன். வெப்பம் இறங்கும் நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கும்போது எப்பாக்ஸியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே பலகை, அதே டப்பா, ஒரு கொப்புளம் இல்லை.

அடுத்தது கண்ணாடி இழைத் துணி. முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை, அதனால்தான் அந்த மயிரிழை விரிசல். பிளைவுட்டின் மேல் அடுக்கு ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது ரேகையோடு வெடிக்கப் பார்க்கும், வெறும் எப்பாக்ஸிப் படலமும் அதோடு சேர்ந்து வெடிக்கும். துணி இருந்தால் அதன் இழைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி எடுத்தேன். சுவர் சந்திக்கும் விளிம்புகளை முதலில் உருட்டிவிட வேண்டும், கூரான மூலையில் துணி படியாது, தூக்கிக்கொண்டு நிற்கும், அடியில் காற்று மாட்டும். 8 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டினேன், துணி சொன்னபடி கேட்டது.

முதல் கோட் இறுகி, கழுவி, லேசாகத் தேய்த்த பிறகு துணியை உலர்வாகவே விரித்தேன். வெறும் மரத்தின் மேல் விரித்தும் செய்கிறார்கள், ஆனால் மரம் துணியிலிருந்து ரெசினைக் குடித்துவிட்டால் இழைகள் வறண்டு போகும், எனக்கு அந்தப் பயம் வேண்டாம் என்று தோன்றியது. முந்தின இரவே விரித்துத் தொங்கவிட்டதில் மடிப்புக் கோடெல்லாம் தானாகத் தளர்ந்திருந்தது. தம்பி உதவிக்கு வந்திருந்தான். “அண்ணா, நீ கலக்கிக்கொண்டே இரு, நான் இழுத்துவிடுகிறேன்” என்று ரப்பர் தகட்டை வாங்கிக்கொண்டான். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவரே கலக்கி, ஒருவரே பூசினால் ஒரு பக்கம் இறுக ஆரம்பித்துவிடும்.

நடுவில் ஊற்றி, ஓரத்தை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி அது: வெள்ளைத் துணி ரெசின் பட்டதும் முதலில் சாம்பல் நிறமாகிறது, ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறது, அப்புறம் திடீரென்று துணியையே காணோம், மரத்தின் ரேகை மட்டும் முன்பைவிட ஆழமாகத் தெரிகிறது. அந்த ஒரு நிமிடம் பொறுக்காமல் இன்னும் ஊற்றினால் துணி மிதக்கும், மிதந்த இடத்தைப் பின்னால் தேய்க்கும்போது இழையை வெட்டிவிடுவோம். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் ரெசின் பற்றவில்லை, குளம் மாதிரி மின்னினால் அதிகம். துணியின் நெசவு மெல்லத் தெரிகிற, பளபளப்பு இல்லாத ஈரத் தோற்றம்தான் சரியான அளவு. மிச்சத் துணியை ஐந்து மணி நேரம் கழித்து, தோல் போல இருக்கும் பருவத்தில், புதிய பிளேடால் வெட்டினேன். அதற்கு முன் வெட்டினால் இழை இழுத்துக்கொண்டு வரும், மறுநாள் வெட்டினால் கத்தி ஏறாது.

நெசவு மறையும் வரை இன்னும் மூன்று கோட். முந்தைய கோட்டை விரலால் தொட்டால் ரேகை பதிய வேண்டும், நூல் இழுக்கக் கூடாது, அந்த நேரத்தில் அடுத்ததை அடித்தால் இரண்டும் வேதிமுறையிலேயே ஒன்றாகிவிடும், நடுவில் தேய்க்க வேண்டியதில்லை. எனக்கு அது ஏறக்குறைய நான்கு மணி நேர இடைவெளி. அதைத் தவறவிட்டால் காயவிட்டு, கழுவி, தேய்த்துத்தான் மேலே போக முடியும். செங்குத்தான சுவரில் ஒவ்வொரு கோட்டும் மெல்லியதாக இருக்க வேண்டும், ஸ்பாஞ்ச் ரோலரால் உருட்டி, உடனே பிரஷ் நுனியால் மேலிருந்து கீழே லேசாக நீவ வேண்டும். மூன்றாவது கோட்டைத் தடிமனாக அடித்ததில் இடது சுவரில் திரை மாதிரி வழிந்து நின்றது, அதைத் தேய்க்க மட்டும் இரண்டு மணி நேரம்.

இறுகிய எப்பாக்ஸியின் மேல் சில நேரம் மெழுகு மாதிரி ஒரு வழுக்கல் படியும். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலிருக்கும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாவது அது. குளிர்ந்த, ஈரமான இரவுகளில் அதிகம். தண்ணீரில் கரையும் என்பதால் சுத்தத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும், ஆனால் இது உப்புத்தாளுக்கு முன் நடக்க வேண்டும். தேய்த்துவிட்டுக் கழுவலாம் என்று விட்டால் அந்த மெழுகு தாளை அடைத்து, கீறல்களுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும், அதன் மேல் அடிக்கும் வார்னிஷ் பிடிக்காது. கழுவிய பிறகு தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன், முத்து முத்தாகச் சுருண்டால் இன்னும் அழுக்கு, படலமாகப் பரவினால் சுத்தம்.

ஒரு வாரம் இறுகவிட்டு 120, 180, 220 என்று தேய்த்தேன். பள்ளமான இடங்கள் மின்னும் புள்ளிகளாகத் தெரியும், அவை மறைந்து எல்லாம் ஒரே மாதிரி மங்கலாகும் வரை. கதவு மூலையில் கொஞ்சம் அதிகமாக அழுத்தியதில் துணியின் நெசவு கட்டம் கட்டமாக வெள்ளையாகத் தெரிந்துவிட்டது. உடனே நிறுத்தி, அந்த இடத்துக்கு இரண்டு கோட் எப்பாக்ஸி, மறுபடி ஒரு வாரக் காத்திருப்பு. கூரையைத் தண்ணீர்விட்டுத் தேய்த்தேன், தூசி பறக்காது. முழுதாக இறுகாத எப்பாக்ஸியின் தூசி உடம்புக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. எப்பாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது, அப்புறம் டப்பாவைத் திறந்தாலே அரிக்கும். நைட்ரைல் கையுறையை மணிக்கு ஒரு தடவை மாற்றினேன். கையில் பட்டதை அசிட்டோனால் துடைப்பது பலருக்கும் பழக்கம், அது எப்பாக்ஸியைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே அனுப்பும். சோப்பும், பிசுக்கு எடுக்கும் களிம்பும்தான் சரி.

இனி வார்னிஷ். நான் எடுத்தது எண்ணெய் சேர்ந்த ஸ்பார் வார்னிஷ். ஸ்பார் என்றால் பாய்மரக் கப்பலில் பாயைத் தாங்கும் மரக் கழி. காற்றில் அது வளையும், அதோடு சேர்ந்து வளைந்து கொடுக்கிற மாதிரி செய்யப்பட்ட வார்னிஷுக்கு அந்தப் பெயர் வந்தது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் டிரெய்லர் சுவருக்கும் அந்த நெகிழ்வுதான் தேவை. இரண்டு டப்பாவாக வரும் பாலியூரித்தேன் இன்னும் கெட்டி, அதிக வருடம் நிற்கும், ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட்டுக்குத் தகுந்த மூச்சுக் கவசம் வேண்டும், கீறல் விழுந்தால் சரிசெய்வதும் கடினம். வருடா வருடம் நானே கையால் தொட்டுச் சரிசெய்ய முடிகிற பூச்சு எனக்குப் போதும்.

வாங்கியதும் சுவரில் அடிக்கவில்லை. எப்பாக்ஸி பூசிய துண்டுப் பலகை ஒன்றில் அடித்து இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். சில வார்னிஷ்கள் எப்பாக்ஸியின் மேல் காயவே காயாது, எப்பாக்ஸியில் மிச்சமிருக்கும் அமீன், வார்னிஷைக் காயவைக்கும் பொருளின் வேலையைக் கெடுத்துவிடும். முதலில் சோதித்தது மூன்றாம் நாளும் விரலில் ஒட்டியது, இரண்டாவது வாங்கியது மறுநாளே காய்ந்தது. ஒரு துண்டுப் பலகை எனக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தியது.

வார்னிஷுக்கு உகந்த நேரம் எப்பாக்ஸிக்கு நேர்மாறு. எப்பாக்ஸியைச் சாயங்காலம் பூசினேன் அல்லவா, வார்னிஷைக் காலையில், பனி உலர்ந்த பிறகு, வெயில் சுவரில் நேராக விழுவதற்குள் அடிக்க வேண்டும். நான்காவது கோட் அன்று வேலை இழுத்துப் போய் மாலை ஐந்து மணிக்கு முடித்தேன். ராத்திரி பனி இறங்கி, காலையில் பார்த்தால் வலது சுவர் முழுவதும் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மங்கல். தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

டப்பாவைக் குலுக்கக் கூடாது, கொப்புளம் ஏறும், குச்சியால் மெதுவாகக் கிளறினால் போதும். டப்பாவிலேயே பிரஷை முக்காமல், தேவையானதை மட்டும் வடிகட்டிக் கப்பில் எடுத்துக்கொண்டேன். முதல் கோட்டில் 10 சதவீதம் தின்னர், அதற்கப்புறம் வெயில் நேரத்தைப் பொறுத்துக் கொஞ்சம். வெறும் மரமாக இருந்தால் முதல் கோட்டைப் பாதிக்குப் பாதி இளக்கி ஊறவிடுவார்கள், இங்கே அடியில் எப்பாக்ஸி இருப்பதால் ஊற இடமில்லை. ஓர் அடி அகலப் பட்டையாக, ரோலரால் பரப்பி, பிரஷ் நுனியால் ஈர விளிம்பை நோக்கி நீவி, அடுத்த பட்டைக்குப் போய்விட வேண்டும். மூன்று நிமிடம் கழித்து ஒரு தூசியைப் பார்த்து அதை எடுக்கப் போனால் பிரஷ் தடம் விழும், தூசி அப்படியே இருக்கட்டும், நாளைக்குத் தேய்த்தால் போய்விடும். டார்ச் விளக்கைச் சுவருக்குச் சாய்வாகப் பிடித்தால் விட்டுப்போன இடம், வழிகிற இடம் இரண்டும் அப்போதே தெரியும். நேராகப் பார்த்தால் தெரியாது.

ஒரு நாளைக்கு ஒரு கோட், நடுவில் 320 எண் தாளால் லேசாகத் தேய்ப்பு, ஒட்டும் துணியால் துடைப்பு. சுவர்களுக்கு ஆறு, கூரைக்கு எட்டு. வெயிலைத் தடுப்பது படலத்தின் கனம், அதனால் எண்ணிக்கையில் பிடிவாதமாக இருந்தேன். நான்காவது கோட்டிலேயே பார்க்க அருமையாக இருக்கும், அங்கே நிறுத்தத் தோன்றும். மேலும் ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் போய்விடுகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

துடைத்த துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் வார்னிஷ் நனைந்த துணி காயும்போது வெப்பத்தை வெளிவிடும். அவற்றைக் கசக்கி ஒரு மூலையில் குவித்துப் போட்டால் தானாகவே தீப்பற்றும். இது நிஜமாகவே நடக்கிற விபத்து. வெளியே ஒவ்வொன்றாக விரித்து முழுதாகக் காயவிட்ட பிறகு எறிய வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய, மூடி போட்ட தகர டப்பாவில் போட வேண்டும்.

கடைசிக் கோட்டுக்கு அப்புறம் இரண்டு வாரம் எதையும் பொருத்தவில்லை. கைக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இன்னும் மென்மைதான், அவசரப்பட்டு ரப்பர் பட்டையை அழுத்தினால் தடம் பதியும். பிறகு ஜன்னலும் கீலும் விளக்கும், தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பியூட்டைல் டேப்பில் உட்கார்ந்தன, 64 ஸ்க்ரூவும் அதனதன் எப்பாக்ஸிக் குழாய்க்குள் போனது. தார்ப்பாயால் இறுக்கிக் கட்டி மூடும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன், உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு வார்னிஷ் வெளுக்கிறது. இப்போது மேலே கூரை போட்ட, பக்கம் திறந்த இடத்தில் நிறுத்துகிறேன்.

வருடத்துக்கு ஒரு முறை கழுவி, 320 தாளால் மங்கலாக்கி, சுவருக்கு ஒரு கோட்டும் கூரைக்கும் வெயில் பக்கத்துக்கும் இரண்டு கோட்டும் அடிக்கத் திட்டம். பளபளப்பு குறைய ஆரம்பிக்கும்போதே அடித்துவிட வேண்டும், பெயர ஆரம்பித்த பிறகு அடித்துப் பயனில்லை, அப்புறம் மறுபடி ஹீட் கன்தான். கல் தெறித்து ஒரு சின்னப் பள்ளம் விழுந்தாலும் அன்றைக்கே ஒரு சொட்டு வார்னிஷ் வைத்துவிட ஒரு குட்டி பாட்டிலும் பிரஷும் டிரெய்லருக்குள்ளேயே இருக்கிறது.

வலது சக்கரத்துக்கு மேலே, துணிக்கு அடியில், சுண்டுவிரல் நகம் அளவு ஒரு காற்றுக் குமிழ் மாட்டியிருக்கிறது. தட்டினால் மற்ற இடத்தைவிடச் சத்தம் மெல்லியதாக வருகிறது. பூசும்போது பார்க்கத் தவறிவிட்டேன், வார்னிஷ் மூன்றாவது கோட்டில்தான் கண்ணில் பட்டது. மேலே துணியும் எப்பாக்ஸியும் முழுதாக இருப்பதால் இப்போதைக்குத் தண்ணீர் போகாது. பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, படம் எடுத்து வைத்திருக்கிறேன். மழைக் காலம் முடிந்ததும் அளந்து பார்ப்பேன், வளர்ந்திருந்தால் இரண்டு சின்னத் துளை போட்டு, ஒன்றில் ஊசி வழியாக எப்பாக்ஸி ஏற்றி மற்றதில் காற்று வெளியே போக விட்டு, அதே வாரத்தில் மேலே வார்னிஷ் அடித்துவிடுவேன்.